வாயில் ஒரு பெயர், பதிவேட்டில் வேறு பெயர்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கொரோனாக் காலமும் உழைப்பும் சாதியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் அதை ஒரு சின்னத் துணிக்குள் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு முகக்கவசம். ஓர் அருங்காட்சியகத்தின் பெயரும் சின்னமும் அச்சிட்ட முகக்கவசம். 2020 நவம்பரில், அங்கே கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் காவல் நிற்கிறவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். அது யார் வாயில் கட்டப்பட்டது? அதில் யார் பெயர் இருந்தது? அதற்கு யார் காசு கொடுத்தார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடிப் போனாலே நாம் பேச வேண்டியது எல்லாம் வந்துவிடும்.

முதலில் இதில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொன்னால் நியாயம் இல்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு அருங்காட்சியகங்கள் பற்றியது. சிற்பங்களைப் பற்றி அல்ல, சிற்பத்துக்குக் கீழே வைக்கும் விளக்க அட்டையைப் பற்றி. எதற்குப் பெயர் எழுதுகிறார்கள், எதற்கு எழுதாமல் விடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்காகத் தமிழ்நாட்டில் ஒரு நகரத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். நான் பேசிய தொழிலாளர்களில் சிலர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள்.

ஊரடங்குக்குப் பிறகு தமிழ்நாட்டில் அருங்காட்சியகங்கள் 2020 நவம்பரில் திறந்தன. திறப்பதற்கு முந்தைய வாரம் காப்பாட்சியர் என்னை அழைத்தார். "நீங்க நல்லா எழுதுவீங்க. முகநூல்ல போட ஒரு நாலு வரி எழுதிக் குடுங்கம்மா" என்றார். ஒரு படம் எடுத்திருந்தார்கள். முன்வாசல் படிக்கட்டில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோர் வாயிலும் வெள்ளை முகக்கவசம், நடுவில் அருங்காட்சியகத்தின் சின்னம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன்: "எங்கள் அருங்காட்சியகக் குடும்பம் உங்களை வரவேற்கிறது. எங்கள் பணியாளர்களுக்கு முகக்கவசங்களை அன்பளிப்பாக வழங்கிய நிறுவனத்துக்கு நன்றி." நல்ல நோக்கத்தோடுதான் எழுதினேன். அங்கே எனக்கு நுழைவு அனுமதி வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

இரண்டு நாள் கழித்து, மாடிக் கூடத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். மகனின் செல்போனில் அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறார்.

"இது நீ எழுதுனதாமே பாப்பா?"

"ஆமாக்கா."

"குடும்பம்னு போட்டிருக்க. மார்ச்சுல பூட்டுனப்ப, எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் ஒரு போன் பண்ணல. ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் சம்பளம் வரல. ஏஜென்சில கேட்டா, மியூசியத்துல பில் பாஸ் பண்ணலேங்கிறாங்க. மியூசியத்துல கேட்டா, நீங்க எங்க ஆளு இல்லம்மா, ஏஜென்சி ஆளுங்கிறாங்க. இப்ப மட்டும் எப்படிக் குடும்பம் ஆனேன்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

2020 மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. ஊரடங்கால் மூடிக் கிடக்கும் காலத்துக்கும் எல்லா வேலையளிப்பவர்களும் பிடித்தம் இல்லாமல், உரிய நாளில் கூலி கொடுக்க வேண்டும் என்றது அந்த ஆணை. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்சநீதிமன்றம், கூலியைப் பற்றி முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றது. யாரிடம் போய்ப் பேசுவது? அக்காவின் முதலாளி யார் என்பதே முடிவாகவில்லையே.

சரி, முகக்கவசத்துக்கு வருவோம்.

பனியன் துணியில் ஒரே அடுக்காகத் தைத்தது. முன்னால், சரியாக வாய் வரும் இடத்தில், உள்ளங்கை அளவுக்குச் சின்னம். ரப்பர் பிரிண்ட் என்பார்களே, டீ சட்டையில் தடிமனாக ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த அச்சு. அச்சு விழுந்த இடத்தில் துணியின் கண்கள் அடைபட்டுப்போகும். காற்று அதன் வழியாகப் போகாது, பக்கவாட்டு இடுக்கு வழியாகத்தான் போகும். அந்த ஆண்டு ஜூனிலேயே உலக சுகாதார நிறுவனம் துணி முகக்கவசம் மூன்று அடுக்காக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பருத்தி, நடுவில் வடிகட்டும் அடுக்கு, வெளியே ஈரம் ஒட்டாத துணி. இது ஒரே அடுக்கு, அதிலும் மூச்சுப் போகும் இடத்தை அச்சு அடைத்திருந்தது. அதிகாரிகள் என்-95 அணிந்திருந்தார்கள். அதில் எந்தச் சின்னமும் இல்லை.

அக்காவின் வீட்டில் மாமியாருக்கு மூச்சிரைப்பு. அதனால் அவர் மருந்துக்கடையில் நீல நிற முகக்கவசம் வாங்கி, இந்தக் கவசத்துக்கு மேலே போட்டுக்கொண்டு வந்தார். ஏஜென்சி சூப்பர்வைசர் நிறுத்தினார். "அதைக் கழட்டு, இல்லேன்னா உள்ள போடு. பேரு வெளிய தெரியணும்" என்றார். அக்கா உள்ளே போட்டுக்கொண்டார். சின்னம் வெளியே தெரிந்தது. ஒரு நாள் முழுக்க இரண்டையும் போட்டுக்கொண்டு மாடிப்படிக் கைப்பிடிகளைத் துடைத்தவருக்கு எப்படி மூச்சு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

டிசம்பரில் முதல் சம்பளம் வந்தது. அதில் 120 ரூபாய் குறைந்தது. இரண்டு முகக்கவசம், ஒன்று 60 ரூபாய், சீருடைக் கணக்கில் பிடித்தம். அன்பளிப்பாக வந்தது என்று நானே நன்றி எழுதிய அதே முகக்கவசத்துக்கு!

நம் சமூகத்தில் வாய்க்கும் எச்சிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் பேஷ்வாக்கள் காலத்துப் புனேவைப் பற்றி எழுதியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கழுத்தில் ஒரு மண்கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். எச்சில் அந்தக் கலயத்தில்தான் விழ வேண்டும். மண்ணில் விழுந்து, அதைச் சாதி இந்து ஒருவர் தெரியாமல் மிதித்துவிட்டால் அவருக்குத் தீட்டாம். இடுப்பில் ஒரு துடைப்பமும் கட்ட வேண்டும், தன் காலடி பட்ட மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டு போவதற்கு.

முகக்கவசமும் அந்தக் கலயமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது தவறு. முகக்கவசம் உயிர்களைக் காத்தது. கலயத்துக்கு நேர் எதிரான கருத்து அதில் இருக்கிறது. யாருடைய எச்சிலாக இருந்தாலும் நோய் பரவும், ஆகவே எல்லோரும் மூடிக்கொள்ளுங்கள் என்கிறது மருத்துவம். நான் போடுவது உனக்காக, நீ போடுவது எனக்காக. இதைவிடச் சமத்துவமான ஒரு பொருளைச் சொல்வது கடினம்.

ஆனால் அதை நம் ஊருக்குக் கொண்டுவந்ததும் என்ன ஆனது? பார்வையாளர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அக்காவின் முகத்துக்கு நேராக நின்று, "பாத்ரூம் எங்கம்மா?" என்று கேட்பார். "சார், மாஸ்க் போடுங்க" என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். "நீ யாரு எனக்குச் சொல்ல?" என்று பதில் வந்திருக்கிறது. அக்காவின் முகக்கவசம் பார்வையாளரைக் காத்தது. பார்வையாளரின் முகக்கவசம் அக்காவைக் காக்கவில்லை. யாரைக் காக்க யார் வாயை மூடுவது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவைத்திருந்தது.

அங்கே கூட்டுகிற வேலையில் இருந்த பெண்கள் எல்லோருமே பட்டியல் சாதியினர். அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விளம்பரமும் இல்லை, தேர்வும் இல்லை. ஏஜென்சிக்காரர் எந்தத் தெருவுக்குப் போய் ஆள் கேட்கிறார் என்பதில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். கொரோனாக் காலத்தில் உலகம் முழுக்க அருங்காட்சியகத் துறையினர் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். கலைப்பொருட்கள் மீது கிருமிநாசினி தெளிக்காதீர்கள், குளோரின் கலந்த கரைசல் உலோகத்தை அரிக்கும், நிறத்தைக் கெடுக்கும், தேவைப்பட்டால் பொருளைச் சில நாள் யாரும் தொடாமல் தனியே வையுங்கள் என்றார்கள். சரியான அறிவுரை. அந்த அருங்காட்சியகமும் அதைக் கவனமாகப் பின்பற்றியது. சிலைகளுக்குப் பக்கத்தில் பிளீச்சிங் கரைசல் வாளியை வைக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதே வாளியில் அக்கா கையுறை இல்லாமல் கையை விட்டுத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. கல்லுக்கும் வெண்கலத்துக்கும் கெடுதல் என்று எழுதத் தெரிந்த கைக்கு, தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல் என்று ஒரு வரி சேர்த்து எழுதத் தோன்றவில்லை.

2020 மார்ச் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்து அவர்கள் மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். மனிதர்கள் மீது இப்படித் தெளிக்கக்கூடாது என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18 அன்று தனியாக அறிவுறுத்த வேண்டியிருந்தது.

இனி, பெயருக்கு வருகிறேன்.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அவ்வப்போது பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். உடைந்த பானை ஓட்டுக்கும் எண் இருக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தில் 11 ஆண்டு வேலை செய்த அக்காவின் பெயர் அங்கே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் பெயர் ஏஜென்சியின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஏஜென்சியும் 11 ஆண்டில் நான்கு முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் புது ஆள். பணிக்கொடை வாங்க ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும் என்றது 1972ஆம் ஆண்டுச் சட்டம். துடைப்பம் மாறவில்லை, கூடம் மாறவில்லை, மேலே இருக்கும் ஏஜென்சி மட்டும் மாறியது. ஐந்து ஆண்டு எப்படி நிறையும்?

அருங்காட்சியகத்தின் பெயர் அக்காவின் வாயில் இருந்தது. அக்காவின் பெயர் அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் இல்லை. முகக்கவசத்தில் பெயர் அச்சிட்டவர்களுக்கு அவர் தம் ஆள் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று வரும்போது அவர் வேறு யாரோவின் ஆள்.

இது ஓர் அதிகாரியின் கெட்ட மனதால் நடந்தது இல்லை. சட்டமே படிப்படியாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதில் மூன்று தேதிகள்தான்.

முதல் தேதி, 1976 டிசம்பர் 9. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல் வந்தது. அதன் கீழ் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒன்றிய அரசின் வரம்பில் வரும் நிறுவனங்களின் கட்டடங்களில் கூட்டுதல், சுத்தம் செய்தல், தூசு தட்டுதல், காவல் காத்தல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை வைக்கக்கூடாது என்று அது தடை செய்தது. வெளிப்பக்கம் ஏறிச் சுத்தம் செய்வது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. இவை ஆண்டு முழுக்க நடக்கும் நிரந்தர வேலைகள், நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள் வேண்டும் என்பது அதன் பொருள். 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் ஒருபடி மேலே போனது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட இடத்தில் அந்தத் தொழிலாளர்களை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

இரண்டாவது தேதி, 2001 ஆகஸ்ட் 30. இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்த 1976 அறிவிக்கையை ரத்து செய்தது. தடை வந்தால் தொழிலாளர் தானாகவே நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிட முடியாது என்றும் தீர்ப்புச் சொன்னது. நம் அலுவலகங்களில், கல்லூரிகளில், மருத்துவமனைகளில் ஏஜென்சிகள் பெருகியதற்கு இந்தத் தீர்ப்பு அகலமான வழி திறந்துவிட்டது.

மூன்றாவது தேதி, 2020 செப்டம்பர். தூய்மைப் பணியாளர்களை முன்களப் பணியாளர்கள் என்று நாடே புகழ்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது மையப் பணி இல்லை என்று கீழே ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. நிறுவனமே அந்த வேலைக்காக அமைக்கப்பட்டிருந்தால் தவிர, கூட்டுதல், சுத்தம் செய்தல், தூசு தட்டுதல், குப்பை அள்ளுதல், காவல், சமையல், சுமை ஏற்றி இறக்குதல் ஆகியவை மையப் பணி ஆகாது. 1976இல் எந்த வேலைகளுக்கு ஒப்பந்த ஆள் கூடாது என்று சொன்னார்களோ, 2020இல் அதே வேலைகளைப் பெயர் சொல்லி ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டார்கள். முன்பு 20 தொழிலாளர் இருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இப்போது 50 பேர் இருக்க வேண்டும். இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அருங்காட்சியகம் என்பதே எதற்கு? பொருளைக் காப்பதற்கு. தூசு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். வெண்கலத்தில் ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் பச்சையாகப் பூத்து உள்ளே அரித்துக்கொண்டு போகும், வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். கூடத்தில் சேரும் தூசைத் தினமும் துடைத்து எடுப்பவர் அக்கா. இரவில் பூட்டைப் பார்த்துக்கொள்பவர் காவல்கார அண்ணன். ஊரடங்கு தொடங்கிய நாட்களில் அவர் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே படுத்துக் கிடந்தார். இவர்கள் செய்வது மையப் பணி இல்லை என்றால், அங்கே வேறு எதுதான் மையப் பணி?

இந்தத் தர்க்கம் நமக்குப் புதியதும் இல்லை. ஊரின் குப்பையை அள்ளுகிறவர், சாவு சொல்லப் போகிறவர், வெட்டியான் வேலை செய்கிறவர், இவர்கள் இல்லாமல் ஊர் ஒரு வாரம் தாங்காது. ஆனால் அவர்கள் ஊரில் இல்லை, சேரியில் இருக்கிறார்கள். ஊருக்கு வேண்டிய வேலையைச் செய்கிறவரை ஊருக்கு வெளியே வை என்பது பழைய ஏற்பாடு. மையப் பணி, மையம் அல்லாத பணி என்பது அதே ஏற்பாட்டைச் சட்ட மொழியில் எழுதியது. எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதினார்களா என்று நான் ஆராயப் போவதில்லை. பட்டியலில் இருக்கும் வேலைகளை இந்த நாட்டில் யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

வெளிநாட்டில் இப்படி நடக்காதா என்று கேட்கலாம். நடக்கும். 2020இல் உலகின் பெரிய அருங்காட்சியகக் கடைகள் பலவற்றில் புகழ்பெற்ற ஓவியங்களை அச்சிட்ட முகக்கவசங்கள் விற்பனைக்கு வந்தன. அப்படிப்பட்ட கடைகளில் நின்று விற்பவர்களின் நிலை என்ன? லண்டனின் டேட் கலைக்கூடங்களில் கடை, உணவகம் ஆகியவற்றை நடத்துவது டேட் என்டர்பிரைசஸ் என்ற அதன் வணிக நிறுவனம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதில் 313 வேலைகளை நீக்கும் முடிவு வந்தது. தொழிலாளர்கள் கலைக்கூட வாசலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கறுப்பின, சிறுபான்மை இனத் தொழிலாளர்களைத்தான் இந்த வெட்டு அதிகம் பாதிக்கும் என்று அவர்களின் சங்கம் சொன்னது. அங்கேயும் சுவரில் இருக்கும் பெயர் ஒன்று, சம்பளம் தரும் நிறுவனம் வேறு. அவர்களுக்கு இனம், நமக்குச் சாதி. ஆனால் அவர்கள் சங்கமாகச் சேர்ந்து வாசலில் நின்றார்கள் என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊரில் பெயரை மட்டும் மாற்றுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 2020இல் தமிழ்நாடு அரசு, துப்புரவுத் தொழிலாளர்கள் இனி 'தூய்மைப் பணியாளர்கள்' என்று அழைக்கப்படுவார்கள் என்றது. நல்லதுதான், சொல்லில் மரியாதை வேண்டும். ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியே அதே தூய்மைப் பணியாளர்கள், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்டு உட்கார்ந்தபோது, நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மரியாதையான பெயர் கிடைத்தது, வேலைக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. முகக்கவசத்தில் நடந்ததும் இதுதான்.

அந்த முகக்கவசத்தின் கதை இன்னும் முடியவில்லை. 2022இல் அந்த அருங்காட்சியகம் பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைத்தது. ஒரு காட்சிப்பேழையில் அந்த முகக்கவசமும் இருந்தது. பயன்படுத்தாத, புதிய ஒன்று. விளக்க அட்டை எழுத என்னைக் கேட்டார்கள். "முகக்கவசம். பருத்தித் துணி, அச்சு. 2020" என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: "ஒப்பந்தத் தொழிலாளர்கள் அணிந்தது. இரண்டுக்கு 120 ரூபாய் அவர்களின் கூலியில் பிடிக்கப்பட்டது." அதிகாரி படித்துப் பார்த்தார். "பொருளைப் பத்தி மட்டும் எழுதுங்கம்மா" என்றார். நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். என் கள ஆய்வு அனுமதியைப் புதுப்பிக்கும் கடிதம் அவர் மேசையில் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த முகக்கவசத்துக்குப் பதிவு எண் கொடுத்தார்கள். அதே ஆண்டில் ஏஜென்சி மாறியது. புது ஏஜென்சி வயதைக் காரணம் காட்டி அக்காவை எடுக்கவில்லை.

இதற்கு இடையில் ஒரு காரியம் செய்தோம். சம்பளம் வராத ஏழு மாதத்துக்காகத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர்தான் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. அதைக் காட்டினோம். பல மாதம் அலைந்த பிறகு இரண்டு மாதக் கூலி வந்தது. ஐந்து மாதக் கூலி இன்றுவரை வரவில்லை. முழு வெற்றி இல்லைதான். ஆனால் 'நீங்க எங்க ஆளு இல்ல' என்று சொன்னவர்களே கையெழுத்துப் போட்டுக் கூலி கொடுத்தார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நீங்கள் படிக்கும் கல்லூரியில், பல்கலைக்கழகத்தில், நூலகத்தில் காலை ஆறு மணிக்கு வந்து கூட்டுகிறவர் யார்? அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அரசு நிறுவனமாக இருந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த ஏஜென்சி, ஒப்பந்த நகல் எங்கே, ஆளுக்கு எவ்வளவு கூலி என்று பில் போடுகிறார்கள், எத்தனை பேருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டுகிறார்கள், சீருடைக்கும் பாதுகாப்புக் கருவிக்கும் யார் செலவு செய்கிறார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பில்லில் இருக்கும் கூலியையும் கையில் வரும் கூலியையும் தொழிலாளர்களோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள், வேலை போனால் போவது அவர்களுக்குத்தான்.

நான் குறை சொன்ன புதிய சட்டத்தொகுப்பிலும் பிடித்துக்கொள்ளச் சில கொம்புகள் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. ஓய்வறை, குடிநீர் போன்ற நலவசதிகளும் முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பு. வேலையிடத்துப் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. அடுத்த முறை யாராவது முகக்கவசத்துக்கோ கையுறைக்கோ கூலியில் கைவைத்தால் இதைக் காட்டுங்கள். படித்த நமக்கு இந்த வரிகளைத் தேடி எடுக்க முடியும். நம் படிப்பு அதற்காவது பயன்படட்டும். நான் எழுதிய "எங்கள் குடும்பம்" போன்ற வரிகளை எழுதப் பயன்பட வேண்டாம்.

அக்கா இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். இங்கே பேசப் போகிறேன் என்று நேற்றுப் போனில் சொன்னேன். "என் பேரைச் சொல்லிடாத பாப்பா, நாளைக்கு எங்கயாச்சும் வேலை கேட்டுப் போகணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த நூத்தியிருபது ரூவாயச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.